அம்மாவின் கட்டைவிரல்

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனானே சின்னவன், அவன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. மத்தியானம் வருவான். நாளைக் காலையில் முதியோர் இல்லத்து வண்டி வாசலில் வந்து நிற்குமா நிற்காதா என்பது, அவன் வந்து அப்பாவைப் பார்த்த பிறகு தெரிந்துவிடும்.

அவன் அக்கா, பெரியவள், விடியும்போதே எழுந்துவிட்டாள் என்று சொல்லலாம்தான். தூங்கினவள் அல்லவா எழ வேண்டும்? புரண்டு புரண்டு படுத்ததில் தலையணை உறை கழன்றதுதான் மிச்சம்.

சின்னவனை அரக்கன் என்று நினைத்துவிடாதீர்கள். டைல்ஸ் ஒட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். அப்பா தூக்கத்தில் எழுந்து கழிவறைக்கு வழி தெரியாமல் சமையலறையில் நின்றார் என்று கேள்விப்பட்ட மறுநாளே, மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு ஆட்களோடு வந்தான். அப்பா அறையின் சுவரை உடைத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கழிவறையைக் கட்டிக் கொடுத்தான். வழுக்காத டைல்ஸாகத் தேடிப் பிடித்து, மண்டி போட்டுத் தன் கையாலேயே ஒட்டினான்.

அந்த வேலை முடிந்த அன்றுதான் அப்பா வீட்டைவிட்டு இறங்கினார். கொட்டுகிற மழையில் நடந்து போய், என்றைக்கோ கைமாறிப்போன தன் கடிகாரக் கடையின் வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஷட்டர் திறக்கக் காத்திருக்கிறாராம். இப்போது அது செருப்புக் கடை. அந்தக் கடைக்காரன் போன் பண்ணி, சின்னவன் ஓடிப்போய், நனைந்த கோழியாக நடுங்கிக்கொண்டிருந்த மனிதரை அள்ளிக்கொண்டு வந்தான். இல்லத்தைப் பற்றி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

பெரியவள் ஒத்துக்கொள்ளவில்லை. இது மறதி இல்லை, அம்மா போன துக்கம் என்று சாதித்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள், அம்மா போன பிறகும் அப்பாவுக்காகத் தங்கிவிட்டவள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து அவரைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவள். அவள் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை தம்பிக்கு, கொள்ளவும் முடியவில்லை.

கடைசியில் அவள் ஒரு வார்த்தை விட்டாள். காசு விஷயத்தில் அப்பா இதுவரை ஒரு தப்பு செய்து நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். சின்னவன் பார்த்ததில்லை. அப்பா சேர்த்துவைத்த பழைய நாணயங்களும், அவற்றை அடுக்கிய ஆல்பங்களும் ஊர் அறிந்த விஷயம். சுவர் உடைத்தபோது அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து, அந்த ஆல்பங்கள் முழுக்க சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் கையாலேயே அந்தத் தூசியை எடுத்து, ஒரு குறையும் இல்லாமல் பழையபடி அடுக்கி வைப்பார், வந்து பார், அப்புறம் பேசு என்றாள். அவனும் சரி என்று சொல்லி, அந்தக் கோபத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே ஒழிய, அன்றிலிருந்து அந்த அலமாரியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தாள்.

ஜன்னல் ஓரமாக மேஜையை இழுத்துப் போட்டாள். அதன்மேல் தடிமனான துண்டை மடித்து விரித்தாள். காசு தவறி விழுந்தாலும் அடிபடாது. அப்பாவின் பழைய கடைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தாள். கடிகாரத்துக்குள் இருக்கும் தூசியை ஊதுகிற ரப்பர் ஊதி அதில்தான் இருந்தது. பொடிச் சாமான்களை இடுக்குகிற சாமணம், ஒற்றைக்கண் லென்ஸ், தோல் துண்டு என்று மீதிச் சாமான்களும் அதிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து வெளியே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பா வந்தார். சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே பெரியவளுக்குப் பாதி உயிர் வந்தது.

வந்தவர் முதலில் மேலே பார்த்தார். சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, இதைச் சுழலவிட்டு ஆல்பத்தைத் திறந்தால் அலமாரித் தூசியெல்லாம் காசுக்குள் போகும், கண்ணாடிக் கடையில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேட்டார். அவள் ஓடிப்போய் விசிறியை நிறுத்தினாள். கைகழுவினாயா என்றார். கழுவினேன் என்றாள். ஈரம் போகத் துடைத்தாயா என்றார். திட்டு வாங்க வாங்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த மனிதருக்கா மறதி?

முதல் ஆல்பத்தை மேஜையில் நிறுத்திவைத்து, மூடினபடியே வெளி அட்டையை மட்டும் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாக இழுத்தார். வெளியே சுத்தமாகாமல் உள்ளே போகக் கூடாது என்பது அவர் கணக்கு. பிறகு பிரித்தார். பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் தாள்கள், தாளுக்குள் சின்னச் சின்னப் பைகள், பைக்கு ஒரு காசு. பைகளின் திறந்த வாய் வழியாகச் சாம்பல் நிறத் தூசி இறங்கியிருந்தது. பெரியவள் பழக்கதோஷத்தில் கடையில் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்தாள்.

"வை கீழ" என்றார் அப்பா. "தூசிங்கறது பஞ்சுன்னு நினைச்சியா? அரைச்ச கல்லும்மா அது. காசு மேல துணியை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா, நூறு வருஷம் தப்பிச்சு வந்தது உன் கையில செத்துப்போகும். ஊதணும். துடைக்கவே கூடாது."

வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அதுவும் கூடாது. ரப்பர் ஊதியை அமுக்கினார். புஸ் புஸ்ஸென்று காற்று போனது. காசைப் பையிலிருந்து எடுக்கும்போது ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் விளிம்பை மட்டும் பிடித்தன. முகத்தில் விரல் படவில்லை. ஒரு பக்கம் ஊதி, திருப்பி மறுபக்கம் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அவள் வாங்கிவைத்திருந்த புதிய தாளின் பைக்குள் இறக்கினார். பழைய தாள்களை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிசுபிசுப்பு வந்துவிட்டதாம், தூசியைவிட இது பெரிய எமன், காசில் பச்சையாக ஒட்டிக்கொள்ளும் என்றார். அவள் கேட்காமலேயே ஒவ்வொரு காசின் ஜாதகத்தையும் சொன்னார். இது ரயிலில் பக்கத்து இருக்கைக்காரனிடம் கைக்கடிகாரத்துக்கு மாற்றாக வாங்கியது. இது போலி, தெரிந்தேதான் வாங்கினேன், ஏமாற்றினவன் கைவேலை அவ்வளவு அழகு. எல்லாம் அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட அதே கதைகள், ஒரு சொல் பிசகவில்லை.

நடுவில் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

"ரெண்டுதான் இருக்கு. உங்கம்மாவுக்கு?"

பெரியவள் நீட்டிய தட்டைக் கீழே இறக்கவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஞாபகம் வந்துடுச்சு, விடு என்றார். டீயை எடுத்துக் குடித்தார். மேஜையைவிட்டுத் தள்ளிப் போய் நின்று குடித்தார், காசுமேல் சிந்திவிடக் கூடாதல்லவா.

இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த நிமிஷமே அவள் முடிவு செய்துவிட்டாள். சம்சாரத்தைப் பறிகொடுத்தவன் யாராக இருந்தாலும் ஒரு டம்ளர் அதிகமாகக் கேட்கத்தான் செய்வான், இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

கடைசியாக மிஞ்சியது முதல் பக்கத்துக் காசு. அப்பா எப்போதும் அதைக் கடைசியில்தான் எடுப்பார்.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையை நிறைக்கிற வெள்ளிக்காசு. ஒரு பக்கத்தில் பாய்மரக் கப்பல், கப்பலுக்குமேல் வெறும் வானம். அந்த வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதற்காகவே எங்கெங்கோ அலைந்து அதை வாங்கி வந்தார் அப்பா. அன்றைக்கு அம்மா சமையலறையிலிருந்து வந்து, இதற்கா இந்தப் பாடு என்று அதை நடுவாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் சரியாக வானத்தில் பதிந்தது. அப்பா குதித்த குதியில் வீடு இரண்டுபட்டது. ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. துடைத்தால் கீறல் விழுமே என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்.

அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை. வருஷங்கள் போகப் போகத்தான் தடம் மேலே வந்தது. கை வியர்வை வெள்ளியை மெல்ல மெல்லத் தின்னும். வானத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ரேகைகள் எழுந்தன. நடுவே சாய்வாக ஒரு வெட்டுக்கோடு. காய் நறுக்கும்போது கத்தி இறங்கிய தழும்பு அது, அம்மாவின் விரலைத் தவிர வேறு எந்த விரலிலும் இருக்க முடியாது. உன் கையெழுத்தைப் போட்டுவிட்டாய் என்று அப்பா கேலி செய்வார். போட்டால் என்ன, உங்களையே எழுதி வாங்கியாயிற்று, காசு எம்மாத்திரம் என்பாள் அம்மா. பெரியவள் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவள். சின்னவனை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். மண்ணில் விளையாடிவிட்டு வருகிற கை, அறை வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

அம்மா போன பிறகு அவள் துணிமணிகளைக் கொடுத்தாகிவிட்டது. அவள் தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் ஏறியிருந்த எண்ணெய்க் கறையும், கழிவறைக்காக உடைத்த சுவரோடு போய்விட்டது. அவள் உடம்பு பட்ட அடையாளம் என்று இந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான்.

அப்பா அந்தக் காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். ஊதினார். சாய்த்துப் பார்த்தார்.

"பாரு, உங்கம்மா எப்படி உட்கார்ந்திருக்கா" என்றார்.

பெரியவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். ரேகைகள் இருந்தன, வெட்டுக்கோடு இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். இனி என்ன பயம்? மூன்றாவது டம்ளர் கேட்டவர் இதை மறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. சின்னவன் வரும்போது தான் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால், நீ சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்தாய் என்பான். அப்பா தனியாக, தானே உட்கார்ந்து, கடைசிக் காசை முதல் பக்கத்தில் வைப்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். ஆக, மெதுவாக வையுங்கள், சமையலைக் கவனித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அப்பா லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார்.

சமையல் என்ன பெரிய சமையல். அடுப்பை எப்போதோ அணைத்துவிட்டாள். இருந்தும் வெளியே வரவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தெருவில் தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டது, வாசல் கதவு திறந்தது, அவன் நேராக அப்பா அறைக்குப் போனான். அவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்கள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. பெரியவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு டம்ளர் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் போனாள்.

சின்னவன் மேஜைமேல் ஏறி உட்காராத குறையாகக் குனிந்து நின்றான். அவன் கையில் ஒரு காசு இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, அவன் மோவாயில் வட்டமாக அடித்தது.

"அக்கா, இங்க வந்து பாரேன். கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாரு. என் முகமே தெரியுது."

பெரியவள் டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. துண்டின்மேல் தோல் துண்டு விரிந்து கிடந்தது. அதன் நடுவில் சிவப்புக் குழைவு. கடையில் கைக்கடிகார மூடிகளுக்கு மெருகேற்றத் தேய்ப்பாரே, அந்தப் பாலிஷ். அப்பாவின் விரல் நுனிகளெல்லாம் சிவந்திருந்தன. ஒற்றைக்கண் லென்ஸ் இன்னும் நெற்றியில் இருந்தது. வாடிக்கையாளரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு நிற்கிற பழைய கடைக்காரராக நிமிர்ந்து நின்றார்.

"எவனோ அழுக்குக் கையால தொட்டிருக்கான்" என்றார் அப்பா. "கட்டைவிரல் தடம். எவ்வளவு நாளா இருந்துச்சோ, நல்லா உள்ள இறங்கியிருந்தது. லேசுல விடல. அரைகுறையா விட்டா அசிங்கம்னு மொத்தமா எடுத்துட்டேன்."

கப்பல் இருந்தது. அதற்குமேல் வானம் பளிச்சென்று, ஒரு ரேகைகூட இல்லாமல் வெறுமையாக இருந்தது. வெட்டுக்கோடு இருந்த இடத்தில் ஜன்னல் கம்பி தெரிந்தது.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலையெல்லாம் துடைக்கவே கூடாது என்று சொன்ன அதே வாய், அதே கை. காசு சேர்க்கிறவர் எந்த நிமிஷத்தில் எழுந்து போனாரோ, அந்த நாற்காலியில் கடிகாரக் கடைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். எதிரே கறை படிந்த ஒரு வெள்ளி இருந்தது. பெட்டியில் பாலிஷ் இருந்தது. அவர் வேலையை அவர் பார்த்தார். பெட்டியை அங்கே வைத்தவள் இவள். பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தடுத்திருப்பாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சின்னவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் டைல்ஸ்காரன். அழுக்குப் போய்ப் பளபளப்பு வந்தால் வேலை சுத்தம் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. காசைத் துண்டின்மேல் வைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"ஒத்துக்கறேன்கா. நீ சொன்னதுதான் சரி. இவ்வளவு நுணுக்கமா வேலை செய்யறவரைக் கொண்டுபோய் அங்க விடப் பார்த்தேனே. ஒரு வாரமா சோறு இறங்கல எனக்கு. அந்த மேனேஜருக்கு இப்பவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ பார்த்தது அப்பா தேறினதற்கு அடையாளம் இல்லை, அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம் என்று சொல்லிவிடு. சொன்னால் நாளைக்கு வண்டி வரும். சொல்லாவிட்டால் வராது. வராமல் என்ன செய்யப்போகிறாள்? தன் கையால் தன் பெண்டாட்டியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற இந்த மனிதரை வைத்துக்கொண்டு, நாளைக்குக் கடைக்குப் போவாளா, காவல் இருப்பாளா? புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினான்.

அப்பா அதற்குள் ஆல்பத்தை இழுத்து முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார். புதிய தாளில் நடுப்பை மட்டும் காலியாக இருந்தது. அதைத் தடவினார். துண்டின்மேல் பார்த்தார், துண்டை மடித்து அடியில் பார்த்தார், மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"முதல் பக்கத்துக் காசு எங்கம்மா?" என்றார்.

சின்னவன், எந்தக் காசுப்பா, இதுவா என்று பளபளத்த காசைக் காட்டினான். அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கினார். இது எந்தப் பக்கத்துதோ, புதுசு மாதிரி இருக்கு, கொண்டுபோய்க் கடைசியில் வை என்று அதைப் பெரியவளின் கையில் கொடுத்தார். உனக்கு அந்தக் காசு தெரியாது, எனக்கும் உங்க அக்காவுக்கும்தான் தெரியும் என்று மகனிடம் சொன்னார். துண்டை மறுபடியும் உதறிப் பார்த்தார்.

"காலையில என் கையில இருந்துச்சு. உன்கிட்டகூடக் காட்டினேன். நீதான எங்கேயோ எடுத்து வச்சே?"

இவ்வளவு நேரம் கடைக்காரராக நின்றவர் போய், திருவிழாக் கூட்டத்தில் கைவிடப்பட்ட பிள்ளையாக அவளைப் பார்த்தார். சின்னவனும் பார்த்தான். எங்கேக்கா வச்சே, எடுத்துக் கொடுத்துடேன், பாவம் என்றான்.

"என் அலமாரியில வச்சிருக்கேன்பா" என்றாள் பெரியவள். "தூசி படக் கூடாதுன்னு."

அப்பாவின் முகம் தெளிந்தது. எடுத்துக்கொண்டு வா, அதை வைத்தால்தான் வேலை முடியும் என்றார்.

தன் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரியைத் திறந்தாள். எதற்குத் திறந்தாள், அதில் என்ன இருக்கிறது? மடித்த புடவைகள் இருந்தன. கதவை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பிரித்தாள். கப்பல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. விளிம்போரம் கொஞ்சம் சிவப்புப் பாலிஷ் ஒட்டியிருந்தது. காசை மடியில் வைத்துக்கொண்டு குமுறி அழுதாள், வெளியே கேட்டுவிடாமல் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள்.

அம்மா செத்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு அப்பா இருக்கிறார் என்று ஒரு பிடிப்பு இருந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். காசை நடுவாகப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து செய்யாதே செய்யாதே என்று கேட்டு வளர்ந்த காரியத்தை, வேண்டுமென்றே செய்தாள். கட்டைவிரலை அந்த வெறும் வானத்தில் வைத்து, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்தால் லேசாக ஒரு மங்கல் தெரிந்தது, நேராகப் பிடித்தால் அதுவும் இல்லை. அது பழுப்பேறி மேலே வர வருஷக்கணக்கில் ஆகும். அத்தனை வருஷம் அப்பாவிடம் இல்லை. வந்தாலும் அதில் வெட்டுக்கோடு இருக்காது. அவள் விரலில் கத்தி பட்டதே கிடையாது, காய் நறுக்குகிற வேலையெல்லாம் அம்மா அவளுக்கு வைத்ததில்லை.

மறுபடியும் அழுத்தினாள்.

கூடத்தில் தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தான். ஆமாம் சார், நாளைக்கு வண்டி வேண்டாம், எங்கப்பா நல்லா இருக்கார், நாங்கதான் அவசரப்பட்டுட்டோம் என்று சந்தோஷமாக, சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கு நடுவில் செருப்பில்லாத காலடி ஒன்று மெல்ல நடந்து வந்து அவள் அறை வாசலில் நின்றது.

"கிடைச்சுதாம்மா?" என்றார் அப்பா, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"தேடறேன்பா."

"நிதானமா தேடு. அவசரத்துல நடுவுல பிடிச்சுத் தூக்கிடாத, விளிம்பைப் பிடிச்சு எடு. உங்கம்மா விரல் மேல உன் விரல் பட்டு அழிஞ்சிடப்போகுது."

கூடத்தில் சின்னவனின் பேச்சு பாதியில் நின்றது. ஒரு நிமிஷம் இருங்க சார் என்று அவன் சொன்னது கேட்டது.

பெரியவள் காசிலிருந்து கட்டைவிரலை எடுக்காமல், சரிப்பா என்றாள்.